9 மி.மீ. ரீலோடிங்குக்கு விலை குறைவான, நம்பகமான பிரைமர் எது?

டெக்சஸில் இருக்கிறீர்கள், பழைய பிரஸ் (தோட்டா செய்யும் கைக்கருவி) ஒன்று வாங்கி 9 மி.மீ. ரீலோடிங், அதாவது சுட்ட பித்தளைக் கூடுகளை மறுபடி நிரப்பித் தோட்டாவாக்கும் வேலை, தொடங்கியிருக்கிறீர்கள், தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமரில் பிராண்டுக்குப் பிராண்டு ஆயிரத்துக்குப் பத்துப் பதினைந்து டாலர் வித்தியாசம் இருக்கிறது, மலிவானதை வாங்கினால் சுடும் ரேஞ்சில் வெடிக்காமல் மானத்தை வாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் டல்லாஸ் பக்கம்தான். யுஎஸ்பிஎஸ்ஏ துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிறவன், அதற்கான தோட்டாக்களை வீட்டு கராஜில் நானே செய்துகொள்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. இதைப் படிக்கும் இந்திய நண்பர்கள் இங்கே நடப்பதை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். இந்திய ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் தோட்டாவாகவே கருதப்படும். உரிமம் இல்லாமல் பிரைமரைத் தொடக்கூட முடியாது.

சரி, நேரடியான பதில்: உங்கள் துப்பாக்கி கம்பெனியிலிருந்து வந்தபடியே, ஸ்பிரிங் எதையும் மாற்றாமல் இருந்தால், பெயர் தெரிந்த எந்தக் கம்பெனியின் ஸ்மால் பிஸ்டல் பிரைமரும் வெடிக்கும். அதில் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது எது மலிவோ அதை வாங்குங்கள். ட்ரிகரை எளிதாக இழுக்க ஸ்பிரிங்கை லேசாக்கியிருந்தால் கதை வேறு, பிரைமர் மேல் விழும் அடியின் பலம் குறைந்துவிடும். அப்போது எந்தப் பிரைமர் என்பதைத் துப்பாக்கிதான் முடிவு செய்யும், உங்கள் பர்ஸ் அல்ல.

ஏன் என்று புரிய வேண்டுமானால் பிரைமருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அது ஒரு சின்ன உலோகக் கிண்ணம். 9 மி.மீ.க்கு உரியதன் குறுக்களவு 0.175 அங்குலம். அடியில் லெட் ஸ்டிஃப்னேட் கலந்த வெடிமருந்து ஒரு துளி, அதன் மேல் ஆன்வில் என்று ஒரு குட்டித் தகடு. ஃபயரிங் பின் கிண்ணத்தை நசுக்கும்போது மருந்து ஆன்விலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வெடிக்கிறது. அந்தத் தீ கூட்டின் அடியில் உள்ள ஓட்டை வழியாகப் போய் பவுடரைப் பற்றவைக்கிறது. ஆக, வெடிப்பதற்குத் தேவை இரண்டு: கிண்ணத்தை நசுக்கும் அளவுக்கு அடி விழ வேண்டும், ஆன்வில் நகராமல் கூட்டின் குழித் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். கிண்ணம் கெட்டியாக இருந்தால் அதிக பலம் தேவை. பிரைமர் முழுதாக உள்ளே இறங்காமல் இருந்தால், விழுகிற அடியின் பலம் அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும்.

"இந்த பிராண்டு மோசம், நூற்றுக்கு நாலு வெடிக்கவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, அதே தோட்டாவை இரண்டாம் முறை அடித்தபோது வெடித்ததா என்றுதான். வெடித்தது என்றால் பெரும்பாலும் பிரைமர் மேல் தப்பில்லை. முதல் அடி அதை இடத்தில் உட்கார வைத்தது, இரண்டாம் அடி வெடிக்க வைத்தது. பிரைமர் கூட்டின் அடிப்பரப்பைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு உள்ளே இறங்கியிருக்க வேண்டும். அளக்கக் கருவி எதுவும் வேண்டாம், விரல் நுனியால் தடவினாலே தெரியும். மேடு தட்டக் கூடாது, லேசான பள்ளம் தட்ட வேண்டும். நான் செய்து முடித்த தோட்டாக்களைப் பெட்டியில் தலைகீழாக நிறுத்தி, ஒவ்வொரு வரிசையாக விரலை ஓட்டிப் பார்த்த பிறகுதான் மூடுவேன். புதிதாகத் தொடங்குபவர்கள் பிரைமர் பிரச்சினை என்று நினைப்பதில் பெரும்பகுதி பிரஸ் கைப்பிடியைக் கடைசி வரை தள்ளாததால் வருவது.

இன்னொரு காரணம் பித்தளைக் கூடு. ரேஞ்சில் பொறுக்கிய கூடுகளில் ராணுவத்துக்குச் செய்தவையும் கலந்திருக்கும். அவற்றில் பிரைமர் கழன்றுவிடாமல் இருக்க குழியின் விளிம்பைச் சுற்றி நசுக்கியிருப்பார்கள். பழைய பிரைமரை எடுத்த பிறகும் அந்த நசுங்கல் அப்படியே இருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதுப் பிரைமரைத் திணித்தால் அது கோணலாகப் போகும், நசுங்கும். திணிக்கவே திணிக்காதீர்கள். கை தடங்கினால் அந்தக் கூட்டை எடுத்து ஓரமாகப் போடுங்கள். மருந்து இருக்கும் பொருளின் மேல் பலத்தைக் காட்டுவது எந்த நாளும் நல்லதில்லை.

இப்போது பிராண்டுகள். அமெரிக்காவில் செய்யும் பெரிய பெயர்கள் நாலு: ஐடஹோவின் லூயிஸ்டனில் சிசிஐ, மினசோட்டாவின் அனோகாவில் ஃபெடரல், பிறகு வின்செஸ்டர், ரெமிங்டன். 9 மி.மீ.க்குத் தேட வேண்டிய எண்கள் சிசிஐ 500, ஃபெடரல் 100, வின்செஸ்டர் டபிள்யூஎஸ்பி, ரெமிங்டன் ஒன்றரை. ஆமாம், ரெமிங்டன் தன் பிரைமர்களுக்கு ஒன்றரை, இரண்டரை, ஐந்தரை என்று பின்னத்தில்தான் பெயர் வைத்திருக்கிறது. கடைக்காரரிடம் கேட்கும்போது சிரிப்பு வரும், அவருக்கு வராது.

இவற்றில் ஃபெடரலின் கிண்ணம் மென்மையானது, மருந்தும் சீக்கிரம் வெடிக்கும். அதனால்தான் ஸ்பிரிங்கைக் குறைத்த ரிவால்வர்காரர்களும், சுத்தி ஸ்பிரிங்கை லேசாக்கிய சிஇசட் ஷேடோ 2 கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களும் ஃபெடரலைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார்கள். அதே குணம் கையாளும்போது கூடுதல் கவனமும் கேட்கும். ஃபெடரல் பெட்டி மற்றவற்றைவிடப் பெரிதாக இருப்பது பிரைமர்களை ஒன்றோடொன்று உரசாமல் விலக்கி வைப்பதற்குத்தான். லீ கம்பெனியின் சில பழைய பிரைமிங் கருவிகளில் ஃபெடரல் போடக் கூடாது என்று அந்தக் கம்பெனியே எச்சரித்திருந்தது. உங்களுடையது பழைய பிரஸ் என்பதால் அதன் கையேட்டைத் தேடி எடுத்து ஒரு முறை படித்துவிடுங்கள். சிசிஐ நேர் எதிர்: கிண்ணம் கெட்டி, பிரஸ்ஸில் சீராக ஓடும், இயல்பான ஸ்பிரிங் உள்ள எந்த கிளாக் கைத்துப்பாக்கியும் அதை வெடிக்க வைக்கும். வின்செஸ்டர் இரண்டுக்கும் நடுவில்.

இறக்குமதியில் செக் குடியரசின் செல்லியர் அண்ட் பெல்லோ, இத்தாலியின் ஃபியோக்கி, போஸ்னியாவின் கொராஷ்தெ ஊரிலிருந்து வரும் ஜினெக்ஸ் மூன்றும் இங்கே அடிக்கடி கிடைக்கும். பொதுவாக அமெரிக்கப் பிராண்டுகளைவிட விலை குறைவு. செல்லியர் அண்ட் பெல்லோ 1825இல் ப்ராக் நகரில் தொடங்கிய கம்பெனி, அனுபவம் இல்லாதவர்கள் என்று ஒதுக்க முடியாது. அவர்கள் பெட்டியில் 4.4 என்று போட்டிருப்பது மில்லிமீட்டர் கணக்கு, நம் 0.175 அங்குலம்தான் அது. இந்த ஐரோப்பிய பிரைமர்கள் சில கூடுகளில் கொஞ்சம் இறுக்கமாக இறங்கும். குழியைச் சுத்தம் செய்து, கைப்பிடியை நிதானமாகக் கடைசி வரை தள்ளினால் போதும். லேசான ஸ்பிரிங் இல்லாத துப்பாக்கிக்கு இவற்றை நான் தயங்காமல் சொல்வேன்.

வாங்கும்போது பெட்டியில் பாக்ஸர் வகை என்றும், துருப்பிடிக்க வைக்காதது என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பெர்டன் வகை உங்கள் கூட்டுக்கு ஒத்துவராது. அதில் ஆன்வில் பிரைமரில் இல்லை, கூட்டிலேயே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கா முழுக்க ஓடும் பாக்ஸர் வகை ஓர் ஆங்கிலேயர் கண்டுபிடித்தது, ஐரோப்பிய ராணுவங்கள் விரும்பிய பெர்டன் வகை ஓர் அமெரிக்கர் கண்டுபிடித்தது.

விலைக்கு வருவோம். 2019 வாக்கில் ஆயிரம் பிரைமர் 30 டாலர் அளவில் கிடைத்தது, அதாவது ஒன்று 3 சென்ட். 2020இல் கொரோனாவும் துப்பாக்கி விற்பனையும் சேர்ந்து ஏறியபோது, கம்பெனிகள் தங்கள் பிரைமரைத் தங்கள் தோட்டாக்களுக்கே வைத்துக்கொண்டன. ரீலோடிங் செய்பவர்களுக்குக் காலி அலமாரிதான் மிச்சம். தனியாரிடம் ஆயிரம் 100 டாலரைத் தாண்டியது. 2021 ஆகஸ்டில் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி கிடையாது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்ததும், அதுவரை ஏழைகளின் பிரைமராக இருந்த உல்ஃப், துலா இரண்டும் மெல்லக் காணாமல் போயின. இப்போது அலமாரிகள் நிரம்பிவிட்டன, ஆனால் பழைய விலை திரும்பவில்லை. நான் பார்க்கும் இடங்களில் ஆயிரம் 55 முதல் 80 டாலர் வரை இருக்கிறது.

இணையத்தில் வாங்கினால் பட்டியல் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிரைமர் அபாயப் பொருள் என்பதால் ஹாஸ்மேட் கட்டணம் தனியாக உண்டு. கட்டணம் 25 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 58 டாலர் பிரைமரை ஆயிரம் மட்டும் வாங்கினால் ஒன்று 8.3 சென்ட் விழும். அதையே ஐயாயிரமாக வாங்கினால் 6.3 சென்ட். பக்கத்துக் கடையில் அதே பொருள் 70 டாலர் என்றால், ஆயிரம் மட்டும் வேண்டும்போது கடைதான் மலிவு. கட்டணம் பொட்டலத்துக்கு ஒன்று என்பதால், எடை வரம்புக்குள் பவுடரையும் அதே பெட்டியில் சேர்த்து வரவழைக்கலாம். இங்கே பல பேர் ரேஞ்ச் நண்பர்களோடு சேர்ந்து ஆர்டர் போட்டுப் பங்கிட்டுக்கொள்வது இதனால்தான். அவ்வப்போது கட்டணமில்லாத சலுகையும் வரும், அதற்காகக் காத்திருப்பது புத்திசாலித்தனம். காலியாகும் வரை விட்டுவிட்டு அவசரத்தில் வாங்கினால் சந்தை சொல்வதுதான் விலை.

ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள். ஆயிரத்துக்குப் பத்து டாலர் வித்தியாசம் என்பது தோட்டாவுக்கு ஒரு சென்ட். வருடத்துக்கு ஐயாயிரம் சுடுபவருக்கு ஐம்பது டாலர். அதற்காக இதுவரை பழகாத பிராண்டை ஒரேயடியாக ஐயாயிரம் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. முதலில் நூறு பிரைமர் உள்ள தட்டு ஒன்றிரண்டு வாங்கி உங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பாருங்கள், ஃபயரிங் பின் விட்ட பள்ளத்தின் ஆழத்தையும் கவனியுங்கள். எல்லாம் ஒரே அடியில் வெடித்தால் அதே பிராண்டில், முடிந்தால் அதே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்), மொத்தமாக வாங்குங்கள். போட்டிக்குப் போகிறவர்களுக்கு லாட் எண் இன்னும் முக்கியம். யுஎஸ்பிஎஸ்ஏவில் பலம் குறைந்த தோட்டாக்களுக்கான மைனர் பிரிவுக்கு, கிரெய்ன் கணக்கில் புல்லட் எடையை வினாடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும். விளிம்பில் நிற்கும் லோடு (பவுடர், புல்லட், பிரைமர் சேர்க்கை), பிரைமர் மாறினால் அதற்குக் கீழே இறங்கிவிடலாம்.

தட்டுப்பாடு வந்தால் சிலர் சிசிஐ 550 போன்ற, தீ அதிகம் தரும் மேக்னம் பிரைமரையோ, ஸ்மால் ரைஃபிள் பிரைமரையோ 9 மி.மீ.க்குப் போடுவார்கள். குறுக்களவு ஒன்றுதான், உள்ளே இறங்கும். ஆனால் மேக்னம் அழுத்தத்தைக் கூட்டலாம், ரைஃபிள் பிரைமரின் கிண்ணம் தடிமன். எந்த மாற்றத்துக்கும் லோடு கையேட்டில் உள்ள ஆரம்ப பவுடர் அளவுக்குத் திரும்பிப் போய்த்தான் மேலே வர வேண்டும். முதல் வருடத்தில் நீங்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்று, பிரைமர் வெடித்த சத்தம் மட்டும் சன்னமாகக் கேட்டு, உதைப்பு இல்லாமல் போனால் உடனே நிறுத்துங்கள். அது மட்டமான பிரைமர் அல்ல, கூட்டில் பவுடர் விழவில்லை. பிரைமரின் பலத்திலேயே புல்லட் குழாய்க்குள் போய் மாட்டியிருக்கும். அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி போகும், கையும் போகலாம். சத்தமே வராவிட்டால், முப்பது வினாடி குழாயை இலக்குப் பக்கமே பிடித்து நின்று பிறகு வெளியே எடுங்கள்.

வைத்திருப்பதைப் பற்றி: வந்த பெட்டியிலேயே இருக்கட்டும். கண்ணாடி ஜாடியில் மொத்தமாகக் கொட்டி வைத்தால் அது பிரைமர் அல்ல, குண்டு. ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். வீட்டில் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்பான என்எஃப்பிஏவின் 495 தரநிலை. டெக்சஸ் கராஜ் கோடையில் அடுப்பு மாதிரி கொதிக்கும், நான் வீட்டுக்குள் குளிர்ந்த, உலர்ந்த அலமாரியில் வைக்கிறேன். மருந்தில் ஈயம் உண்டு. வேலை முடித்ததும் கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள்.

பின்னால் .45 ஏசிபி என்ற பெரிய தோட்டாவும் செய்யும் எண்ணம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு வழக்கமாக லார்ஜ் பிஸ்டல் பிரைமர், 0.210 அங்குலம். ஆனால் இப்போது ஸ்மால் பிரைமர் குழியோடு வரும் .45 கூடுகளும் ரேஞ்சில் நிறையக் கிடக்கின்றன. பிரஸ்ஸில் ஏற்றும் முன்பே இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மால் குழிக் கூடுகளைத் தூக்கி எறியாதீர்கள், ஒரே வகைப் பிரைமரை இரண்டு தோட்டாவுக்கும் வாங்கி வைக்க அவை உதவும்.