இழப்பில் இருப்பவரின் அழுகையை ஊடகங்கள் காட்டுவது சரியா?

"அவரே சம்மதித்துப் பேசினால் என்ன தப்பு?" என்று பலரும் கேட்கிறார்கள். அந்தச் சம்மதத்தை எந்த நேரத்தில் வாங்கினார்கள் என்பதுதான் என் கேள்வி.

என் அத்தை மகன் பைக் விபத்தில் இறந்த அன்று, பிணவறை வாசலில் அத்தை தரையிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளூர்ச் சேனல்காரர் ஒருவர் மைக்கை நீட்டி, "என்னம்மா நடந்துச்சு, சொல்லுங்க" என்றார். அத்தையும் சொன்னார். டீ வாங்கி வந்த பையனிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பேட்டி என்று எப்படிச் சொல்வது? முந்தானை விலகியதுகூடத் தெரியாமல் அவர் புலம்பியது அப்படியே யூடியூபில் ஏறிவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அத்தை பார்த்தார். "அழுததுக்கு வெட்கமில்லப்பா. அந்தக் கோலத்துல ஊரே பாத்திருக்கே" என்றார். மூன்று முறை எழுதிக் கேட்டோம். வீடியோ இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது, மீட்புப் பணி நாள்கணக்கில் நேரலையில் ஓடியது. மூடாத கிணறுகளைப் பற்றி ஊரெல்லாம் பேசியதற்கு அதுவும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையைத் தூக்க உதவும் என்று துணிப்பை தைத்துக்கொண்டிருந்த தாயின் படமும் எல்லார் போனுக்கும் வந்தது. அந்த நிமிடத்தில் யாராவது கேட்டிருந்தாலும், அவரால் யோசித்துப் பதில் சொல்லியிருக்க முடியுமா? கிணற்றின் ஆபத்தைச் சொல்ல கிணற்றைக் காட்டினால் போதாதா?

பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை அவருடைய எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு இதைச் சொன்னது, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு சொல்கிறது. மற்ற இழப்புகளுக்குச் சட்டம் கேட்காவிட்டாலும் நிருபர் கேட்கலாமே. அன்று படம் எடுத்திருந்தாலும் சரி, காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு போன் போட்டு, "இதைப் போடலாமா?" என்று கேட்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடட்டும். அதற்குள் செய்தி பழசாகிவிடும் என்பார்கள். ஆகட்டும்.

துயரத்தை வெளியே சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போன வருடம் ஒரு பள்ளியில் ஹெல்மெட் பற்றிப் பேச அத்தை தானாகவே ஒப்புக்கொண்டார். பீரோவிலிருந்து நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, மகன் படத்தையும் கையோடு கொண்டுபோனார். பாதியில் அழுதார், தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் பேசினார். அந்த வீடியோவை அவரே எனக்கு அனுப்பி, "எல்லாருக்கும் அனுப்புப்பா" என்றார். அனுப்பினேன்.