விசிறிச் சத்தம் குறைய வாட்டைக் குறையுங்கள்: கேமிங் லேப்டாப் கேள்வி பதில்

சென்னை ரிச்சி தெருவில் 15 ஆண்டுகளாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் என் மேசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே குறைகளைத்தான் சொல்வார்கள்: கொதிக்கிறது, இரைகிறது. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வேளச்சேரி, கல்லூரி மாணவர்: அண்ணா, விளையாடும்போது பிராசசர் 95 டிகிரி காட்டுகிறது. சிப் எரிந்துவிடுமா?

எரியாது தம்பி. இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரியும், ஏ.எம்.டி. லேப்டாப் பிராசசர்கள் பலவற்றுக்கு 95 டிகிரியும் உச்சவரம்பு. அதைத் தொட்டதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் லேப்டாப் அணைந்துவிடும். ஆகவே நீங்கள் இழப்பது வேகத்தைத்தான். முதல் பத்து நிமிடம் வழுக்கிக்கொண்டு ஓடிய ஆட்டம் பிறகு திக்கித் திணறுகிறது என்றால் காரணம் இதுதான்.

ஆனால் உங்கள் அறை எத்தனை டிகிரி என்று நீங்கள் எழுதவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான். லேப்டாப் விசிறி குளிர்காற்றை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கும் காற்றை எடுத்துத்தான் ஊதுகிறது. அறை 26லிருந்து 36 டிகிரிக்கு ஏறினால், அதே வேலைக்குச் சிப்பும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும். போதாக்குறைக்கு லேப்டாப்பே அறையைச் சூடாக்குகிறது. பிராசசருக்கு 45 வாட், கிராஃபிக்ஸ் சிப்புக்கு 115 வாட் என்று வைத்தால் மொத்தம் 160 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றையும் 60 வாட் பல்பு ஒன்றையும் மேசைமேல் எரியவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதற்குச் சமம். கதவையும் எதிர் ஜன்னலையும் திறந்துவையுங்கள். காசில்லாத வைத்தியம் அதுதான்.

பெரம்பூர்: ஒரே படுக்கையறை கொண்ட வீடு. இரவில் நான் விளையாடினால் விசிறிச் சத்தத்தில் தாத்தாவுக்குத் தூக்கம் வருவதில்லை. விளையாட்டை விட மனமில்லை. என்ன செய்வது?

உங்களுக்குத்தான் நீளமாக எழுதப்போகிறேன். தாத்தாவின் தூக்கமும் வேண்டும், உங்கள் ஆட்டமும் வேண்டும். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

விசிறியை வலுக்கட்டாயமாக மெதுவாக்கும் மென்பொருளைத் தேடாதீர்கள். உள்ளே சூடு அப்படியே இருக்க, விசிறியை மட்டும் அடக்குவது கொதிக்கும் உலையை மூடிவைப்பதைப் போன்றது. உண்டாகும் சூட்டைக் குறைத்தால் விசிறி தானே அடங்கும்.

முதலில் ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பது. உங்கள் திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் கிராஃபிக்ஸ் சிப் நொடிக்கு 144 படம் வரைய மூச்சுமுட்ட உழைக்கும். சில ஆட்டங்களில் மெனுப் பக்கம் சும்மா நிற்கும்போதுகூட யாருக்கும் பயனில்லாமல் நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளும். என்விடியா கட்டுப்பாட்டுப் பலகையில் ஃபிரேம் உச்சவரம்பு என்றொரு அமைப்பு இருக்கிறது. இரவில் அதை 60 என்று வையுங்கள். கதை சொல்லும் ஆட்டங்களுக்கு 60 தாராளம். எதிராளியைச் சுடும் போட்டி ஆட்டங்களைப் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிராசசரின் டர்போ, அதாவது சிப் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடும் வசதி. ஒரு சிப் செலவிடும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். அதனால் கடைசிக் கொஞ்சம் வேகத்துக்குத்தான் கொள்ளைச் செலவு. விண்டோஸ் மின்திட்டத்தில் பிராசசரின் அதிகபட்ச நிலை 100 சதவீதம் என்று இருப்பதை 99 ஆக்குங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். கிராஃபிக்ஸ் சிப்பை நம்பி ஓடும் ஆட்டங்களில் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதே கடினம். பிராசசரை நம்பி ஓடும் ஆட்டங்களில் இழப்பு தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவும் எதற்கு என்றால், விசிறிச் சத்தம் வேகத்தைவிட மிக வேகமாக ஏறுகிறது. நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும் விசிறி 4,000க்கு இறங்கினால் காற்று ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். சத்தமோ சுமார் 5 டெசிபல் குறையும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அது நன்றாகவே தெரியும் வேறுபாடு.

குரோம்பேட்டை: லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் விசிறிப் பலகை, கூலிங் பேட் வாங்கலாமா?

முதலில் லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்திப் பாருங்கள். காற்று அடியிலிருந்துதான் உள்ளே போகிறது. மேசையோடு ஒட்டிக்கிடந்தால் எப்படி மூச்சு வாங்கும்? சில டிகிரி அதிலேயே இறங்கிவிடும். சுவரிலிருந்தும் தள்ளிவையுங்கள், வெளியேறிய சூடு திரும்ப உள்ளே போகாமலிருக்கும். இதற்கு மேலும் தேவைப்பட்டால் வாங்குங்கள். சிறு விசிறிகள் மட்டும் கொண்ட மலிவான பேட்கள் சத்தத்தைக் கூட்டுவதுதான் மிச்சம்.

திருவான்மியூர்: வாங்கி ஒன்றரை ஆண்டு. முதலில் இவ்வளவு சத்தம் இல்லை. இப்போது விமானம் கிளம்புவதுபோல் இரைகிறது.

தூசி, ஐயா. சென்ற வாரம் இதே குறையோடு வந்த ஒரு லேப்டாப்பைத் திறந்தேன். விசிறி பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. அதைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது: விசிறிக்கும் செப்புத் தகடுகளின் வரிசைக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டுபோல ஒரு படலம். இடுக்கியால் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், முழுதாக உரிந்து கையோடு வந்தது. தொட்டால் பிசுபிசுப்பு. கூடத்தில் சமையலறைக்கு எதிரே மேசை போட்டிருந்தார்களாம். தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகையும் கொசுவர்த்திப் புகையும் தூசியோடு சேர்ந்தால் இப்படித்தான் இறுகிவிடும். வெளியிலிருந்து ஊதினால் அந்தப் படலம் போகாது.

ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்திருப்பதை உங்கள் பகுதி லேப்டாப்களில் அடிக்கடி பார்க்கிறேன். நீங்களே செய்வதானால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். காற்றடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும்.

அண்ணா நகர்: சிப்பின் சூட்டைக் கடத்த அதன்மேல் பூசும் பேஸ்டை மாற்றச் சொல்கிறார்கள். அதற்குப் பதில் லிக்விட் மெட்டல் என்ற திரவ உலோகம் போடலாமா?

போடாதீர்கள். அதில் இருக்கும் காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி பக்கத்தில் சிந்தினால் மதர்போர்டு போய்விடும். தொழிற்சாலையில் தடுப்புக் கட்டிப் பூசுவது வேறு, வீட்டு மேசையில் பூசுவது வேறு.

லேப்டாப் சிப்புக்கு மேல்மூடி கிடையாது. சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் அதன்மேல் உள்ள பேஸ்ட் கொஞ்சங்கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்கிவிடுகிறது. நீர்த்த பேஸ்ட் என்றால் சில மாதங்களிலேயே பழைய கதைதான். அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு பேஸ்டுக்குப் பதிலாக ஹனிவெல் பி.டி.எம். 7950 என்ற சூடு கடத்தும் தாளைத்தான் பரிந்துரைக்கிறேன். சுமார் 45 டிகிரியில் இளகிச் சிப்போடு படிந்துகொள்ளும், எளிதில் பிதுங்காது. போலிகள் உலவுகின்றன, நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள்.

தாம்பரம்: சூட்டைக் குறைக்க அண்டர்வோல்ட் செய்ய, அதாவது சிப்பின் மின்னழுத்தத்தைக் குறைக்க முயன்றேன், அமைப்பே பூட்டிக்கிடக்கிறது.

2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்தது. மின்னழுத்தத்தை மாற்றி இன்டெல் சிப்பின் ரகசியப் பகுதியைக் குழப்பமுடியும் என்று காட்டினார்கள். அதன்பின் பல லேப்டாப்களில் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். லேப்டாப் தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் அதைத் திறக்க வழி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பெரம்பூர்க்காரருக்குச் சொன்ன இரண்டையும் செய்யுங்கள்.

ஓ.எம்.ஆர்., மென்பொருள் ஊழியர்: ஏசி அறையில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பெரும்பாலும். ஒரு எச்சரிக்கை மட்டும். 20 டிகிரி அறையில் இரவெல்லாம் அணைந்துகிடந்த லேப்டாப்பைக் காலையில் நேரே மொட்டைமாடிக்கோ பால்கனிக்கோ எடுத்துச்செல்லாதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம், ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பு வேர்ப்பதுபோல அதன்மேல் வேர்த்துவிடும். பைக்குள் வைத்து மூடி எடுத்துப்போய், அரைமணி நேரம் கழித்துத் திறங்கள்.

மயிலாப்பூர், ஒரு தாய்: மகன் மெத்தையில் படுத்தபடி விளையாடுகிறான். சார்ஜர் எந்நேரமும் செருகியே இருக்கிறது. சில நாளாக மௌஸ் பலகை அழுத்தினால் சரியாக அமுங்கவில்லை.

அம்மா, மற்ற கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொன்னேன். உங்களுக்கு உடனே சொல்கிறேன். அந்தப் பலகைக்கு நேர் கீழே பேட்டரி இருக்கிறது. மெத்தை காற்றுவழியை அடைத்து, சூட்டிலேயே முழு சார்ஜில் கிடந்த பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். இப்போதே சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்து, மெத்தையிலிருந்து எடுத்துத் தரையில் வையுங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம். நாளைக்குள் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பேட்டரியை மாற்றுங்கள். புதியது போட்டபின், அந்த லேப்டாப்பின் அமைப்பில் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்துத்தரச் சொல்லுங்கள். மகனுக்கு ஒரு மேசையும் ஏற்பாடு செய்யுங்கள்.