பேருந்திலேயே வாந்தி எடுக்கும் அம்மாவை அந்தமானுக்குக் கூட்டிப் போகலாமா?

ஜனவரியில் மதுரையிலிருந்து குடும்பத்தோடு அந்தமான் போகிறோம், அம்மாவுக்குப் பேருந்துப் பயணமே ஒத்துக்கொள்ளாது, போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குக் கடலில் இரண்டு மணி நேரம் தாங்குவாரா, என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கூட்டிப் போங்கள். எங்கள் அம்மாவை வைத்துத்தான் சொல்கிறேன். கொடைக்கானல் போனால் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு கையில் எலுமிச்சம்பழமும் இன்னொரு கையில் கேரி பேக்குமாக உட்கார்ந்துவிடுகிற ஆள். கடல் என்றால் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் முழங்கால் அளவு, படகு என்றால் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மைய மண்டபத்தைச் சுற்றி வந்தது, அவ்வளவுதான் அனுபவம். அவர் போய் வந்தார்.

ஒரு சின்ன விஷயம், டிக்கெட்டைப் பார்த்துக் குழம்பாதீர்கள். ஹேவ்லாக்கின் பெயரை 2018இல் ஸ்வராஜ் த்வீப் என்றும், போர்ட் பிளேரை 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் மாற்றிவிட்டார்கள். பேச்சில் எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

சரி, கப்பல். இரண்டு வகை இருக்கிறது. அரசுக் கப்பல் மெதுவாகப் போகும், கட்டணம் குறைவு, தீவுக்காரர்கள் காய்கறி மூட்டையோடும் கைக்குழந்தையோடும் அன்றாடம் போய்வருவது அதில்தான். தனியார் கப்பல் ஏசி போட்ட, இரட்டை அடிப்பாகம் கொண்ட வேகக் கப்பல், ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். நாங்கள் போனது தனியாரில். வாந்திக்காரர்களுக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. நாலு பக்கமும் அடைத்த கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது முன் இருக்கை அசையாமல் நிற்கிறதாகக் கண் சொல்லும், உடம்பு ஆடுகிறதாகக் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு சொல்லும், இரண்டும் ஒத்துப்போகாமல்தான் குமட்டல் வருகிறது. அதனால் அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை கேளுங்கள், கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில். மூக்குப் பக்கம் வேண்டவே வேண்டாம், அங்கேதான் ஏற்ற இறக்கம் அதிகம். மேல்தளம் காசு கூட, ஆட்டமும் கூட. தூரத்தில் கடலும் வானமும் சேர்கிற கோட்டைப் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள், போனில் பேரன் போட்டோவைத் தள்ளித் தள்ளிப் பார்க்கக் கூடாது (என் மனைவிக்குக் குமட்டியது இதனால்தான்).

வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு ஏறினால் வாந்தி வராது என்று நம் ஊரில் நினைக்கிறார்கள், அது தப்பு. காலையில் ஓட்டலில் பூரி கிழங்கு போட்டார்கள், அம்மாவுக்கு மட்டும் இரண்டு இட்லி சட்னி இல்லாமல் கொடுத்தோம். மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். தூக்கம் வரவைக்கிற மாத்திரை என்பதாலும், அம்மா பிரஷருக்கு மருந்து சாப்பிடுகிறவர் என்பதாலும், மதுரையிலேயே எங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நல்ல தூக்கம். கண்ணை விழித்து, "ஏய்யா, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டபோது ஹேவ்லாக் ஜெட்டி தெரிந்துகொண்டிருந்தது.

ஸ்பீட் போட் வேறு கதை. ஹேவ்லாக்கிலிருந்து எலிஃபண்ட் பீச்சுக்கு அதில்தான் கூட்டிப் போவார்கள், அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் அந்த அரை மணி நேரத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேகம் பிடித்ததும் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஒவ்வொரு அலைக்கும் டமார் டமார் என்று தண்ணீரில் வந்து அடிக்கும். என் பையன் ஓடிப்போய் முன்னாடி உட்கார்ந்தான், அவனுக்குத் துணைக்கு நானும் உட்கார்ந்தேன், இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். பின்பக்கம் எஞ்சினுக்கு அருகில் உட்கார்ந்தால் அடி குறைவு, எண்ணெய் வாடை கொஞ்சம் வரும். சட்டைப்பையில் வைத்திருந்த போன் உப்புத் தண்ணீரில் நனைந்து செத்தது, அதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது, படகுக்காரர் கவரில் போடச் சொல்லி இரண்டு தடவை சொன்னார். இடுப்பு வலி, மூட்டு வலி, கர்ப்பம் என்று எது இருந்தாலும் இதில் ஏற்றாதீர்கள். அம்மாவை அன்று அறையிலேயே விட்டுவிட்டு, மாலையில் ஆட்டோவில் ராதாநகர் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். எலிஃபண்ட் பீச்சின் பவளப்பாறையைப் பார்க்காததில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ராதாநகருக்கு மட்டும் சீக்கிரம் கிளம்புங்கள், டிசம்பர், ஜனவரியில் அங்கே ஐந்து, ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், மதுரை நினைப்பில் ஆறு மணிக்குப் போய் நின்றால் இருட்டைத்தான் பார்க்கலாம்.

இப்போது நீங்கள் கேட்காத விஷயம். எனக்குக் காசு போனது இதில்தான் என்பதால் சொல்லியே ஆக வேண்டும். ஹேவ்லாக்கிலிருந்து திரும்புகிற அன்றே விமானம் போடாதீர்கள். நாங்கள் போனது டிசம்பர் முதல் வாரம், வடகிழக்குப் பருவமழை இன்னும் முழுசாக ஓயவில்லை. காலை கப்பலில் போர்ட் பிளேர், மதியம் சென்னை விமானம், சாயங்காலம் மதுரை விமானம் என்று ரயில்வே டைம்டேபிள் மாதிரித் திட்டம் போட்டிருந்தேன். விடிகாலையில் கடல் கொந்தளிப்பு, கப்பல் ரத்து என்று செய்தி வந்தது. டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் இரண்டு விமானமும் போனது போனதுதான். கடல் அடங்கி மறுநாள்தான் போர்ட் பிளேர் வந்தோம், அதற்கு அடுத்த நாள் கிடைத்த விலைக்கு மறுபடி டிக்கெட். ஜனவரி அந்த அளவுக்கு மோசம் இல்லை, ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் சாதுவாகத்தான் இருக்கும், இருந்தாலும் கடைசி இரவைப் போர்ட் பிளேரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நேரம் போகாதோ என்று யோசிக்காதீர்கள், செல்லுலார் சிறை ஒன்றுக்கே அரை நாள் வேண்டும், தமிழ் பேசுகிற கடைக்காரர்களும் ஊர் முழுக்க இருக்கிறார்கள், அம்மா அங்கேதான் நிம்மதியாகப் பேரம் பேசினார்.

கப்பலுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஜெட்டியில் இருங்கள், எல்லோருடைய ஆதார் அட்டையும் அசலாகவே கையில் இருக்கட்டும்.

அப்புறம், அம்மா கடலில் ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை. மதுரை விமானம் கிடைக்காமல் சென்னையிலிருந்து ராத்திரி ஆம்னி பஸ்ஸில் வந்தோம், மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. கொட்டாம்பட்டி தாண்டியதும் கேரி பேக்கை எடுத்துவிட்டார்.