லோடு வண்டிக்கு ஹைட்ரஜன் கிட் மாட்டலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறேன். 702 சிசி, டீசல். "எச்எச்ஓ கிட் மாட்டுங்க, தண்ணியில இருந்து ஹைட்ரஜன் வரும், மைலேஜ் 30 சதவீதம் கூடும், புகையும் குறையும்" என்று 18,000 ரூபாய் கேட்கிறார்கள். மாட்டலாமா?

பதில்: வேண்டாம்.

ஹைட்ரஜன் எஞ்சினுக்கு நல்லது என்பதில் பொய்யில்லை. பெட்ரோலைவிடப் பல மடங்கு வேகமாக எரியும். அதனால் கூட இருக்கும் எரிபொருளும் மிச்சமில்லாமல் எரியும். டெல்லியில் 2020-ல் 18 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த சிஎன்ஜி போட்டு 50 பஸ்களை ஓட்டிப் பார்த்தார்கள். ஆனால் அந்த கேஸ் ராஜ்காட் டிப்போவில் இந்தியன் ஆயில் அமைத்த ஆலையில் தயாராகி, பஸ் சிலிண்டரில் ஏறியது. உங்கள் கிட்டோ வண்டியின் மின்சாரத்தைத் தண்ணீரில் பாய்ச்சி ஹைட்ரஜனைப் பிரிக்கிறது. அந்த மின்சாரம் எஞ்சின் சுற்றும் ஆல்டர்னேட்டரில் (வண்டியின் ஜெனரேட்டர்) இருந்து வருகிறது. ஆக, ஹைட்ரஜன் தயாரிக்கும் வேலையும் உங்கள் எஞ்சின் தலையில்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்ணீரைப் பிரிக்கும் செல் ஆறு வைத்து, 10 ஆம்பியர் இழுக்கும் கிட் என்றால் மணிக்குச் சுமார் 27 லிட்டர் ஹைட்ரஜன் வரும். கேட்கப் பெரிதாக இருக்கும். எடை 2 கிராம் சொச்சம்தான். அதிலுள்ள சக்தி 7, 8 மில்லி டீசலுக்குச் சமம், அதாவது இருமல் மருந்து மூடியில் முக்கால். அந்த 10 ஆம்பியரை ஆல்டர்னேட்டர் கொடுக்க எஞ்சின் எரிக்கும் டீசலோ 70, 80 மில்லி! எஞ்சின் 2,500 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குச் சுமார் 750 லிட்டர் காற்றை உறிஞ்சும். கிட் தரும் கேஸ் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

"மாட்டினவங்க மைலேஜ் கூடுதுன்னு சொல்றாங்களே?" 18,000 கொடுத்தவர் ஆக்சிலேட்டரைப் பூப்போல மிதிப்பார். மாட்டும்போதே ஏர் ஃபில்டரும் புதிதாகியிருக்கும்.

மூன்று மாதம் ஓடிய ஒரு கிட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். எவர்சில்வர் தகடுகள் அரித்து, பாட்டிலின் அடியில் காவி நிறச் சேறு. காற்றுக் குழாய்க்குள் விரலை விட்டால் சோப்பு போல வழுவழுப்பு. மின்சாரம் பாய்வதற்காகத் தண்ணீரில் கலக்கும் பொட்டாஷ் காரம் அது, எஞ்சினில் உள்ள அலுமினியத்தைத் தின்றுவிடும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒன்றாகக் கலந்தே வருவதால், குழாய் வழியே தீ திரும்பினால் பாட்டில் வெடிக்கும். ஆர்சி-யில் இல்லாத மாற்றத்தைத் தடுக்க மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் இருக்கிறது. விபத்தென்றால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார்.

கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், இன்ஜெக்டர் நாசிலை டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து செக் பண்ணுங்கள். புகையே இல்லாமல் மைலேஜ் மட்டும் குறைந்திருந்தால், பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி நான்கு வீலுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். மற்றதைவிட ஒன்று மட்டும் அனலடித்தால், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டீசல் அங்கேதான் போகிறது.