பொதுச்சுவர் வீட்டை இடிக்கும்போது

வணக்கம். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் உள்ள பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்கள் மேல் செங்கல் அடுக்கிய தளம்) மாடிவீட்டை ஜேசிபி வைத்து இரண்டே நாளில் இடிக்கலாம், அனுமதி வேண்டாம் என்கிறாராம் உங்கள் காண்ட்ராக்டர். இரண்டையும் ஏற்காதீர்கள். சென்னை மாநகராட்சியில் இடிப்பு அனுமதி வாங்கியே ஆக வேண்டும். மின் இணைப்பை மின்வாரியமே துண்டிக்கட்டும். மெயின் சுவிட்சை அணைத்தால் போதாது.

உங்கள் உத்தரக்கட்டைகளின் முனைகள் பொதுச்சுவருக்குள் புதைந்திருக்கும். இயந்திரத்தால் இழுத்தால் செங்கலும் சேர்ந்து பெயர்ந்து பக்கத்து வீட்டுப் பக்கம் விரிசல் விழும். முட்டுக் கொடுத்து, மேல்தளத்தைப் பிரித்தபின் கட்டையைச் சுவரோரம் அறுங்கள். உள்ளே தங்கும் துண்டைப் பதமாக எடுத்து, குழியை அன்றே செங்கல், சிமெண்ட் கலவையால் அடைத்துவிடுங்கள். அந்தச் சுவரிலிருந்து 1 மீட்டர் வரை கைவேலைதான்.

இடிபாட்டை மாடியில் குவிக்க விடாதீர்கள். ஒரு கன மீட்டரே ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். தளம் உள்வாங்கி ஆள் சாகக்கூடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்குங்கள்.

முக்கியமாக, தொடங்குமுன் பக்கத்து வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே அவர் சுவர் விரிசல்களைத் தேதியோடு படமெடுங்கள். பின்னால் தகராறு வந்தால் இருவருக்கும் அதுதான் சாட்சி.