பால் ஒத்துக்கொள்ளாத அம்மாவின் எலும்பை உணவால் காக்க முடியுமா?

அறுபத்திரண்டு வயதான உங்கள் அம்மாவுக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை, கேழ்வரகும் கீரையும் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உதவும். ஆனால் உணவில் இருக்கும் கால்சியம் முழுவதும் உடம்பில் சேர்வதில்லை என்பதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அம்மா குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றினார்; அந்தச் சிறு அதிர்ச்சிக்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், அதை இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் டி ஸ்கோர் மைனஸ் 2.8 என்று வந்தது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தாலே அது எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வேகமாகக் கரைகிறது என்பதை மருத்துவர் அன்று விளக்கினார்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் பாலைப்போல் மூன்று மடங்கு. எனினும் கேழ்வரகில் இயல்பாகவே உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவை முதல்நாள் இரவே கரைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் நொய்யரிசியோடு சேர்த்துக் காய்ச்சும் பழைய முறையில் ஃபைட்டேட் குறைகிறது என்பதால், உடனடிக் கஞ்சியை நிறுத்திவிட்டுக் கூழுக்கே திரும்பினோம். பால் சேராத என் அம்மாவுக்கும் கூழில் கரைத்த மோர் எந்தத் தொந்தரவும் தரவில்லை. தொட்டுக்கொள்ள ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம் வைத்தோம். உப்பு மிகுந்தால் சிறுநீரில் கால்சியமும் கூடுதலாக வெளியேறும்.

கீரையிலும் வேறுபாடு உண்டு. பாலக் கீரையில், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆக்சலேட் என்ற பொருள் மிகுதி. அதன் கால்சியத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே நமக்குக் கிடைக்கும். முருங்கைக்கீரை அதைவிட எவ்வளவோ மேல். அசைவம் சாப்பிடுவீர்களானால், முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலிக்கு ஈடாக எதையும் நான் சொல்லமாட்டேன். எலும்பின் சட்டகமே புரதம் என்பதால் பருப்பும் முட்டையும் குறையக் கூடாது.

இவ்வளவையும் குடல் உறிஞ்ச வைட்டமின் டி தேவை. உணவில் அது மிகக் குறைவு. வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருந்த என் அம்மாவுக்கு அது வெகுவாகக் குறைந்திருந்ததால் மருந்தாகவே கொடுத்தார்கள். எலும்புப்புரைக்கு வாரம் ஒரு மாத்திரையும் உண்டு. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருந்த பிறகே அன்றைக்குக் கூழ். உங்கள் அம்மாவுக்கும் உணவை மாற்றுவதோடு நின்றுவிடாமல், டெக்ஸா ஸ்கேனும் வைட்டமின் டி பரிசோதனையும் தேவையா என்று இந்த மாதமே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நாங்கள் கை முறிந்த பிறகுதான் கேட்டோம்.