சொல்லைத் தேடுங்கள், வாக்கியத்தை அல்ல

கேள்வி: வளரிளம் பருவத்தினரின் உறக்கத்தைக் கைபேசி எவ்வாறு பாதிக்கிறது என்பது என் ஆய்வுத் தலைப்பு. நூலகத் தரவுத்தளத்தில் இதை ஆங்கில வாக்கியமாக இட்டால் ஒரு கட்டுரைகூட வரவில்லை. ‘ஸ்லீப்’ என்று மட்டும் இட்டால் படித்து முடிக்க இயலாத அளவுக்கு வருகின்றன. ‘நாட்’ (NOT) என்ற விலக்குச் சொல்லைச் சேர்த்து வேண்டாதவற்றை விலக்கிவிடலாமா?
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: ‘நாட்’ இருக்கட்டும், முதலில் அந்த வாக்கியத்தைக் கலையுங்கள். இத்தகைய தரவுத்தளங்கள் பலவும் கேள்வியின் பொருளை உணர்ந்து தேடுவதில்லை. நீங்கள் இட்ட சொற்கள் யாவும் கட்டுரையின் தலைப்பிலோ சுருக்கத்திலோ குறிச்சொற்களிலோ உள்ளனவா என்றுதான் ஒப்பிடுகின்றன. ‘பாதிக்கிறது’ என்ற சொல் இல்லாத நல்ல கட்டுரைகூட அதனாலேயே விடுபட்டுவிடும். உங்கள் தலைப்பில் உள்ள கருத்துகள் மூன்றே: கைபேசி, வளரிளம் பருவம், உறக்கம்.

ஒவ்வொரு கருத்துக்கும் உரிய மாற்றுச் சொற்களை ‘ஆர்’ (OR, ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்) கொண்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். பிறகு மூன்று தொகுதிகளையும் ‘அண்ட்’ (AND, எல்லாமே இருக்க வேண்டும்) கொண்டு இணையுங்கள். அடைப்புக்குறியை விட்டுவிடக் கூடாது. பப்மெட் என்னும் மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளம் இடமிருந்து வலமாகவே தேடல் கட்டளையைப் படிக்கும். வேறு சில தளங்களோ ‘அண்ட்’ இணைப்பை முதலில் முடித்துவிடும். ஆகவே ஒரே கட்டளை இரு தளங்களில் இரு வேறு பொருள் தரக்கூடும். (இந்த இணைப்புச் சொற்களுக்கு அடிப்படையான தர்க்க இயற்கணிதத்தை ஜார்ஜ் பூல் 1854-இல் விரிவாக எழுதியபோது கணினியே கிடையாது.)

மாற்றுச் சொற்களை எங்கே தேடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நான் சொல்லக்கூடிய வழி, உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஒரே ஒரு நல்ல கட்டுரையைக் கண்டுபிடித்து, அதன் பதிவில் உள்ள பொருள் தலைப்புகளை, அதாவது கட்டுரை எதைப் பற்றியது என்று குறிக்கத் தரவுத்தளம் இடும் நிலையான சொற்களை, படிப்பதாகும். ஆசிரியர்கள் ‘டீனேஜர்’, ‘யூத்’ என்று எப்படி எழுதியிருந்தாலும், மருத்துவத் தரவுத்தளங்களில் 1960 முதல் வழங்கிவரும் மெஷ் சொற்பட்டியல் அவற்றை ‘அடோலசென்ட்’ என்ற ஒரே தலைப்பின் கீழ்க் கொண்டுவருகிறது. ஆயினும் மிக அண்மையில் வெளியான கட்டுரைகளுக்குப் பொருள் தலைப்பு இன்னும் இடப்படாமல் இருக்கலாம் என்பதால், பொருள் தலைப்பையும் சாதாரணச் சொற்களையும் ‘ஆர்’ கொண்டு சேர்த்தே தேடுவது நல்லது.

சொல்லின் அடிப்பகுதியோடு உடுக்குறியை (*) இட்டால் அதன் பல வடிவங்களும் கிடைக்கும். ஆனால் மிகவும் முன்னதாக வெட்டிவிடாதீர்கள். பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின் அக்குறியை இட்டால், ‘கேட்டலாக்’, ‘கேட்டகரி’ ஆகியவையும் வந்து சேரும். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் இட்டால் அது சேர்ந்தே வரும் கட்டுரைகள் மட்டும் கிடைக்கும்.

இனி ‘நாட்’ பற்றி: பெரியவர்களைப் பற்றிய கட்டுரைகள் வேண்டாம் என்று ‘நாட் அடல்ட்’ என இட்டால், வளரிளம் பருவத்தினரைப் பெரியவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளும், ஒருவேளை உங்களுக்கு மிகவும் தேவையானவையும், சேர்ந்தே மறைந்துவிடும். அதற்குப் பதிலாக, முடிவுப் பக்கத்தின் ஓரத்தில் உள்ள வயது, ஆண்டு, மொழி ஆகிய வடிகட்டிகளை ஒவ்வொன்றாக இட்டு, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது என்று கவனித்து வாருங்கள்.